முதிய நாயின் சிறுநீரக நோய்க்கு ஹில்ஸ் கே/டி கோழி ஸ்டூ: எட்டு மாத அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் வளரும் டைகருக்கு வயது 13, எடை 9 கிலோ. 2023 ஆடி மாதத்தில் அவன் தண்ணீர்த் தட்டை ஒரே நாளில் மூன்று முறை காலி செய்வதையும், இரவில் வெளியே விடச் சொல்லிக் கதவைப் பிராண்டுவதையும் கண்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் லிட்டருக்கு 290 மைக்ரோமோல் இருந்தது. 251 முதல் 440 வரை இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை என்று மருத்துவர் விளக்கினார். சேதமான சிறுநீரகம் மீண்டும் வளராது; ஆனால் பாஸ்பரஸையும் உப்பையும் குறைத்து, புரதத்தை அளவோடு, தரமானதாகக் கொடுத்தால் மிஞ்சியிருக்கும் பகுதியைப் பல காலம் காப்பாற்றலாம் என்றார்.

சொல்வது எளிது. டைகர் பிறந்ததிலிருந்தே ருசி பார்த்துத் தின்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பின் எலும்புதான் அவனுக்கு வாரத்தின் விருந்து. எலும்பில் பாஸ்பரஸ் நிறைந்திருக்கிறது. குழம்பில் உப்பும், நாய்க்கு நஞ்சான வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. இவற்றை ஒரே நாளில் நிறுத்தினோம். "வயசான பிள்ளைக்கு ஒரு துண்டு கறி குடுக்கக் கூடாதா?" என்று அம்மா கேட்டபோது பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

முதலில் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் உலர் உணவு. பெரிய மூட்டையாக வாங்கியது என் தவறு. அவன் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்று நாள்களில் எதையுமே தின்னாமல் படுத்துவிட்டான். பிறகுதான் காரணம் புரிந்தது. ரத்தத்தில் யூரியா என்ற கழிவு ஏறியிருந்ததால் அவனுக்கு ஓயாத குமட்டல் இருந்தது, அந்த நிலையில் எந்த உணவை முன்னால் வைத்தாலும் அந்த வாடையே குமட்டலோடு ஒட்டிக்கொண்டு, நாய் அதை அடியோடு வெறுத்துவிடக்கூடும். மருத்துவர் முதலில் மாரோபிட்டன்ட் கொடுத்து வாந்தி உணர்வை அடக்கினார். வயிறு அமைதியான பின்னரே சிறுநீரக நோயுள்ள நாய்களுக்கான ஹில்ஸ் பிரிஸ்கிரிப்ஷன் டயட் கே/டி, கோழியும் காய்கறியும் சேர்ந்த ஸ்டூ, 354 கிராம் டின் ஒன்றே ஒன்று வாங்கிவந்தேன்.

இந்த உணவின் பிறப்பே ஒரு நாயின் சிறுநீரகக் கோளாறில்தான் தொடங்கியது. அமெரிக்காவில் பார்வையற்றவரான மோரிஸ் ஃபிராங்கின் வழிகாட்டி நாய் பட்டிக்காக 1939இல் மார்க் மோரிஸ் என்ற கால்நடை மருத்துவர் உருவாக்கிய உணவுதான் இது. 1948இல் கேன்சஸ் மாநிலத்து டொபீகாவின் ஹில் நிறுவனம் அதை டின்னில் அடைக்கத் தொடங்கியது. தன் எஜமானரின் கண்ணாக இருந்த ஒரு நாயைக் காப்பாற்றச் சமைத்த சோறு இது என்று அறிந்தபோது எனக்குச் சற்று நம்பிக்கை பிறந்தது.

டின்னைத் திறந்தால் குழம்போடு கறித் துண்டுகளும் கேரட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. டைகரைப் போன்ற நாய்க்கு இது முக்கியம். அரைத்துக் கெட்டியாக்கிய உணவை அவன் தொடவே மாட்டான். எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு கரண்டி எடுத்து, கிண்ணத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து, விரலுக்கு வெதுவெதுப்பாகும் வரை காத்திருப்பேன். மணம் எழும்பியதும் அவன் மூக்கு நுனி அசையத் தொடங்கும். முதல் நாள் என் விரலில் தடவிய குழம்பை மட்டும் நக்கினான். நான்காம் நாள் கிண்ணத்தின் அடியைத் துடைத்துத் தின்றான். மாத்திரைகளை இந்த உணவில் ஒளித்து வைப்பதே இல்லை. ஒருமுறை கசந்தால் அந்த டின்னோடு உறவு முடிந்துவிடும்.

விலை அதிகம்தான். ஒரு டின்னுக்குக் கொடுக்கும் பணத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ கோழி வாங்கிவிடலாம், 9 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு டின் போதாது. ஆகவே மருத்துவரின் சம்மதத்தோடு அதே வரிசையின் உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்து, மேலே ஸ்டூவைக் கலந்து கொடுக்கிறேன். எப்போதாவது வெள்ளைச் சோறும் அவித்த முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ப்பதுண்டு; மஞ்சள்கருவில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் அதை ஒதுக்கிவிடுகிறேன். திறந்த டின்னைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மின்வெட்டு பல மணி நேரம் நீண்ட நாள்களில் மிச்சத்தை நம்ப மனமின்றிக் கொட்டியிருக்கிறேன். எங்கள் ஊரில் சிறிய டின்களாகக் கிடைத்தால் எங்களைப் போன்றோருக்குப் பேருதவியாக இருக்கும்.

புரட்டாசி முழுதும் எங்கள் வீட்டில் கறி சமைப்பதில்லை. அந்த மாதம்தான் எளிதாகக் கழிந்தது, ஏனெனில் அடுப்பில் கறி வாசமே இல்லாததால் டைகரின் ஏக்கமும் அடங்கியிருந்தது. விரதம் முடிந்த முதல் ஞாயிறு அவன் அடுக்களை வாசலில் நின்று பார்த்த பார்வையை மறக்க இயலாது.

2002இல் வெளியான ஓர் ஆய்வில் 38 நாய்களுக்குச் சிறுநீரக உணவும் சாதாரண உணவும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரக உணவு தின்றவற்றுக்கு கழிவுகள் ரத்தத்தில் தேங்கி உடல்நிலை திடீரென மோசமாகும் யூரியா நெருக்கடி குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. டைகருக்கு இந்த எட்டு மாதங்களில் கிரியேட்டினின் 275இல் நிற்கிறது, ரத்தத்தில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 2.1 மில்லிமோலிலிருந்து 1.5க்கு இறங்கியது. 8.4 கிலோவுக்கு மெலிந்தவன் இப்போது 8.9 கிலோ. மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் தின்னாத உணவு எதையும் காப்பாற்றாது, இவன் தின்கிறான்.

இதில் கொழுப்பு ஓரளவு கூடுதல்; கணைய அழற்சி வந்த நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வளரும் குட்டிக்கும் இது உகந்ததல்ல. வாங்குவோர் முதலில் ஒரே டின்னோடு தொடங்குங்கள். அதையும் குமட்டல் அடங்கிய பிறகே திறங்கள்.