படகு சுவிட்ச் பேனல்: முதலில் ஓட்டை, அப்புறம்தான் பலகை

எழுத்தெல்லாம் அழிந்து, எந்தச் சுவிட்ச் எதற்கு என்று போட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டிய நிலைக்குப் பழைய பேனல் வந்துவிட்டதா? புதிதாக ஒன்றை நாமே செய்யலாம் என்று இறங்கும் எல்லாரும் முதலில் கேட்பது "அக்ரிலிக்கா, அலுமினியமா?" என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு பேனலை வீணாக்கிய பிறகுதான், சுவிட்சை முதலில் முடிவு செய்திருக்க வேண்டும் என்று உறைத்தது. அதற்கு வட்ட ஓட்டையா, செவ்வக ஓட்டையா என்பதைப் பொறுத்துத்தான் பலகையும் வெட்டும் கருவியும் அமையும்.

டாகிள் சுவிட்ச், அதாவது குச்சியை மேலும் கீழும் தள்ளுகிற வகை, பெரும்பாலும் 12 மி.மீ. வட்ட ஓட்டையில் உட்கார்ந்துவிடும். கை டிரில் போதும். மேலே ரப்பர் தொப்பி போட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. இருட்டில், ஈரக் கையோடு தடவினாலும் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று விரலுக்கே தெரியும். குறை என்னவென்றால், கயிறு மாட்டும். முழங்கை பட்டாலே விளக்கு எரிந்துவிடும்.

ராக்கர், அதாவது ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புகிற வகை, பார்வைக்கு அழகு, எதிலும் சிக்காது, உள்ளேயே சின்ன விளக்கும் உண்டு. படகுகளில் பரவலாக இருக்கும் கார்லிங் நிறுவனத்தின் கான்டூரா வகைக்கு 36.8 × 21.1 மி.மீ. செவ்வக ஓட்டை வேண்டும். வம்பு இங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சம் பெரிதானால் சுவிட்ச் ஆடும், சிறிதானால் உள்ளே போகாது. ஒன்றிரண்டு என்றால் அரத்தால் ராவிச் சமாளிக்கலாம். எட்டு ஓட்டை என்றால் லேசரோ ராவுட்டரோ (சுழலும் பிட்டால் பலகையைக் குடையும் கருவி) இல்லாமல் நேர்வரிசை வராது. அந்தச் சின்ன விளக்குக்கு ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனியாக நெகட்டிவ் வயர் இழுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

எந்த வகை வாங்கினாலும், வழிகாட்டி விளக்குகளுக்கு மட்டும் நடுவில் அணைந்து இருபுறமும் எரியும் இரட்டைத் துருவ சுவிட்ச், அதாவது ஒரே தள்ளலில் இரண்டு தனி இணைப்புகளை இயக்கும் வகை, வாங்குங்கள். 1972 சர்வதேசக் கடல் விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைந்த இஞ்சின் படகு ஓடும்போது பக்க விளக்குகளோடு சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு காட்டலாம். நங்கூரமிட்டால் அந்த வெள்ளை மட்டும் போதும். மேலே தள்ளினால் இரண்டும், கீழே தள்ளினால் வெள்ளை மட்டும் என்று அமைத்துவிட்டால், நங்கூரத்தில் நிற்கும்போது பக்க விளக்கு மறதியாய் எரிந்துகொண்டிருக்காது.

இப்போது பலகை. ராக்கர் என்றால் என் முதல் தேர்வு, செதுக்குவதற்கென்றே வரும் இரண்டு அடுக்கு அக்ரிலிக். மேல் நிறத்தை லேசர் சுரண்டியதும் அடியில் இருக்கும் வெள்ளை எழுத்தாகத் தெரியும். ஸ்டிக்கர் போல உரியாது. ஆனால் அக்ரிலிக்குக் கூர்மூலை ஆகாது. செவ்வகத்தின் மூலையைச் சிறிது வளைத்து வெட்டாவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். சாதா டிரில் பிட் மறுபக்கம் வெளியேறும்போது கடித்து இழுத்துப் பலகையைப் பிளக்கும். என் முதல் பேனல் போனது அப்படித்தான். வெப்பத்தில் விரிவதும் அதிகம்: 30 செ.மீ. பலகை, 40 டிகிரி ஏறினால், ஏறக்குறைய 0.8 மி.மீ. நீளும். அதே அளவு அலுமினியம் 0.3 மி.மீ. கூட நீளாது. ஆகவே திருகு ஓட்டைகளைத் திருகைவிடப் பெரிதாகப் போட்டு, மிதமாகவே இறுக்குங்கள்.

அலுமினியத்தில் 3 மி.மீ. தகடே விறைப்பாக நிற்கும். தொல்லை தருவது உப்பு. ஸ்டெயின்லெஸ் திருகு நேரடியாகத் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நைலான் வாஷர் வைத்தே தீரவேண்டும். கழன்ற பாசிட்டிவ் வயர் ஒன்று தகட்டில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பின்பக்கம் மின்காப்பு போட்டபின் மாட்டுங்கள்.

ஹெச்டிபிஈ என்ற கெட்டி பிளாஸ்டிக் பலகை மரவேலைக் கருவிக்கே வெட்டுப்படும், உளுத்துப்போகாது. ஆனால் பெயின்டும் பசையும் அதில் ஒட்டாது, அப்படியென்றால் லேபிளும் ஒட்டாது. 12 மி.மீ. கனத்தில் வாங்கினால் ராக்கரின் கிளிப் பின்பக்கத்தை எட்டாது; பின்னால் குடைந்து மெலிதாக்க வேண்டும். 3டி பிரின்ட் யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகும். வெயிலுக்கு ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக்கைப் பாருங்கள்.

உறுதியில் இந்த பிளாஸ்டிக்குகளையெல்லாம் தோற்கடிப்பது ஜி10 எனப்படும் ஃபைபர் கிளாஸ் பலகை. உப்பு அதை அசைக்காது, மின்சாரம் கடத்தாது. டிரில் பிட்டைத்தான் தின்றுவிடும். தூசி நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். கையால் செவ்வகம் வெட்டுவது தண்டனை, வட்ட ஓட்டை மட்டும் என்றால் சுகம். அதனால் என் கணக்கு இது: வெயிலும் அலையும் நேரே அடிக்கும் திறந்த ஸ்டியரிங் மேடைக்கு டாகிளும் ஜி10-உம், கேபினுக்குள் என்றால் ராக்கரும் அக்ரிலிக்கும்.

ஃபியூஸா பிரேக்கரா என்ற சண்டையில் நான் பிரேக்கர் பக்கம், காரணம் சோம்பேறித்தனம்: இருட்டில் ஃபியூஸ் தேட வேண்டாம், பட்டனை அழுத்தினால் போதும். எதுவானாலும் அதன் ஆம்பியர் வயரின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அது காப்பது வயரைத்தான். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் தானியங்கி இணைப்பு மட்டும் இந்தப் பேனலுக்கு வரவே கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் பம்ப் ஓட வேண்டுமே. அது தன் சொந்த ஃபியூஸோடு பேட்டரியிலிருந்து நேரே போகட்டும்.

வெட்டுவதற்கு முன் அட்டையில் ஒன்று செய்து, சுவிட்சுகளை மாட்டி, படகில் வைத்துப் பாருங்கள். சுவிட்சின் உடல், அதன் வால் கனெக்டர், அதற்குப் பின் வயர் வளைய இடம் என்று மூன்றையும் சேர்த்து அளக்க வேண்டும். என் இரண்டாவது பேனல் முன்பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. பின்பக்கம் நான்கு சுவிட்சுகள் ஸ்டியரிங் கேபிள்மீது உட்கார்ந்துகொண்டன.