வாடகை வீட்டை எப்போது காலி செய்வது: பத்திரம் முடிந்த கையோடா, இரண்டு மாதம் கழித்தா?

வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ முதல் வீடு வாங்குகிறவர்கள் பலர், பத்திரப்பதிவுக்கு நாள் குறித்ததுமே வீட்டுக்காரரிடம் "அடுத்த மாசம் காலி பண்றோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு மாத வாடகையை மிச்சம் பிடிக்கிற கணக்கு அது. வாடகைக்கு இருப்பவருக்குப் பெரும்பாலும் தப்புக் கணக்கு. மாத வாடகைக்குப் பதில் மொத்தப் பணம் கொடுத்துப் போக்கியத்துக்கு இருப்பவருக்கோ நிலைமை தலைகீழ்: அவர் இன்னும் முன்னதாகவே சொல்லியாக வேண்டும்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 45 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தராது. அதாவது 36 லட்சம். மீதி 9 லட்சம் கைக்காசு. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து, முழுத் தொகைக்குப் பத்திரம் போட்டால் 4,05,000 ரூபாய். இதை வங்கி வீட்டு மதிப்போடு சேர்ப்பதில்லை. ஆக 13 லட்சத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டும். வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், பத்திரங்களைக் கடனுக்கு ஈடாக வங்கியில் வைப்பதற்கான எம்.ஓ.டி. பதிவு எல்லாம் அதற்கும் மேலே. எட்டரை சதவீத வட்டியில் 20 வருடக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 31,250 ரூபாய்.

வாடகை 10,000 என்றால், வீடு வாங்கிய பிறகும் இரண்டு மாதம் பழைய வீட்டை வைத்திருக்கக் கூடுதல் செலவு 20,000. உறுத்தத்தான் செய்யும். ஆனால் சொன்ன தேதியில் பத்திரம் முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கையோடு காலி செய்வது

இது ஒத்துவரும் இடம் ஒன்றுதான்: விற்பவர் ஏற்கெனவே வெளியேறி, வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர் மேல் கடன் இல்லை, பட்டாவும் சொத்து வரி ரசீதும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. இதில் ஒன்று குறைந்தாலும் தேதி நழுவும்.

வழக்கமாக நழுவுவது வங்கி வக்கீலின் மேசையில். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் மூலப்பத்திரம் இருக்காது, அல்லது அப்பா இறந்தபின் பாகப்பிரிவினை செய்யாமலே அண்ணன் தம்பி ஒருவர் மட்டும் விற்க வந்திருப்பார். வாரிசுச் சான்று, மற்றவர்கள் கையெழுத்து என்று வாரக்கணக்கில் இழுக்கும். விற்பவர் மேல் வீட்டுக்கடன் இருந்தால் அது இன்னொரு முடிச்சு. உங்கள் வங்கி அதை அடைத்த பிறகு, பழைய வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர 30 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பரிலிருந்து, அதைத் தாண்டினால் நாளுக்கு 5,000 ரூபாய் அந்த வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனாலும் அந்த 30 நாளுக்குள் யாரையும் விரட்ட முடியாது.

இதற்குள் வீட்டுக்காரர் புது ஆளிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். சாமானை ஒரு தடவை உறவினர் வீட்டுக்கும் மறுபடி புது வீட்டுக்கும் ஏற்றி இறக்கினால், மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே போய்விடும்.

இரண்டு மாதம் இரண்டு வீடு

பத்திரம் பதிவாகி, சாவி கைக்கு வந்த பிறகே வீட்டுக்காரரிடம் சொல்வது. வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று போட்டிருக்கிறதோ அதுவே இந்த இடைவெளியின் அளவு. பெயிண்ட், சுவிட்ச் போர்டு, சமையல் மேடை, குளியலறை ஒழுகல் எல்லாம் காலி வீட்டில் செய்தால் பாதி நேரத்தில் முடியும். பழைய வீட்டின் அட்வான்ஸில் பெயிண்ட் செலவு, மின்கட்டண பாக்கி என்று பிடித்தது போக மீதி வரும். அந்தப் பணத்தைப் பத்திரச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலி செய்த பிறகுதான் அது கைக்கு வரும்.

இங்கேயும் ஒரு ஓட்டை உண்டு. விற்பவர் தானே அந்த வீட்டில் குடியிருந்து, அவருடைய அடுத்த வீடு தயாராகாமல் இருந்தால், பத்திரத்துக்குப் பிறகும் "பத்து நாள் கொடுங்க" என்பார். முழுப் பணமும் போன பிறகு உங்களிடம் பிடி கிடையாது. கிரைய ஒப்பந்தத்திலேயே, பதிவு நாளன்று காலி வீடாகச் சாவி என்று எழுதி வாங்குங்கள். பதிவு நாள் காலையில் ஒரு நடை போய் வீட்டைப் பார்த்துவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போவது இன்னும் நல்லது.

போக்கியத்தில் இருப்பவர் கதை வேறு

வேலூர் பக்கம் பலர் மாத வாடகையே தராமல், சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துப் போக்கியத்துக்குக் குடியிருக்கிறார்கள். வீடு வாங்கும்போது அந்தப் பணம்தான் கைக்காசில் பெரும்பங்கு. ஆனால் வீட்டுக்காரர் அதை என்றைக்கோ செலவழித்திருப்பார். "அடுத்த ஆள் வரட்டும் சார், வந்ததும் கொடுத்துடறேன்" என்பதுதான் பதில். கெடு முடியும் முன் கேட்டால் அவர் தரவேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். போக்கியக் கெடு என்று முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். அடுத்த ஆள் முன்பணம் கொடுத்த பிறகு கிரைய ஒப்பந்தம் போடுங்கள்; ஒப்பந்தக் கெடு போக்கியக் கெடுவுக்குப் பின்னால் விழட்டும். பணத்தை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். கைக்காசு எங்கிருந்து வந்தது என்று கடன் தரும் வங்கி கேட்கும். தவிர, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட இத்தகைய தொகையை ரொக்கமாகத் திருப்பித் தருவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

சிக்கல் இதுதான்: பணம் வராமல் சாவியைக் கொடுக்கக் கூடாது, சாவியைக் கொடுக்காமல் பணம் வராது, பணம் இல்லாமல் புது வீட்டுச் சாவி கிடைக்காது. நடுவில் பாலம் போட நகைக்கடன் மற்றவற்றைவிட உத்தமம். 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றாலும் இரண்டு மாத வட்டி 10,000 ரூபாய்தான். பர்சனல் லோன் வேண்டாம். அதன் தவணை வருமானக் கணக்கில் விழுந்து வீட்டுக்கடன் தகுதியைக் குறைத்துவிடும். வீட்டுக்காரர் இழுத்தடிக்கிற ஆள் என்றால் நகையையும் வைக்காதீர்கள்.

நீங்கள் வாங்கப்போகும் வீட்டிலும் போக்கியக்காரர் இருக்கலாம். வெறும் முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்யாத போக்கியம் வில்லங்கச் சான்றில் வராது. நேரில் போய்க் குடியிருப்பவரிடமே கேட்பதுதான் வழி. அவருக்குத் தரவேண்டிய தொகையை உங்கள் முன்பணத்திலிருந்து அவர் கணக்குக்கே நேராக அனுப்பி, ரசீது வாங்குங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு

இங்கே வாடகையும் கட்டுமானக் கால வட்டியும் சேர்ந்தே ஓடும், தவிர்க்க முடியாது. கட்டுபவர் வாயால் சொல்லும் தேதியை விட்டு, ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவில் உள்ள தேதியைப் பாருங்கள். நிரந்தர மின் இணைப்பு வந்த பிறகே பழைய வீட்டில் சொல்லலாம். தற்காலிக இணைப்பில் குடியேறினால் வீட்டுக்கான இலவச யூனிட் கிடையாது, யூனிட் விலையும் அதிகம்.

எந்த மாதம்?

ஆடியில் பலர் பத்திரம் போடத் தயங்குவதால் முகூர்த்த நாள்களைவிடப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் எளிதாகக் கிடைக்கும். நாள் கிழமை பார்க்கிற குடும்பமானாலும் இதற்கு வழி இருக்கிறது: ஆடியில் பதிவை முடித்து, மாதம் முழுக்க வேலை செய்து, ஆவணியில் பால் காய்ச்சலாம். மேலே சொன்ன இடைவெளி தானாகவே அமைந்துவிடும். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் கூட்டம் இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்காக மே மாதமே போக வேண்டியிருந்தால், கத்திரி வெயிலில் வேலூர் மாடி வீட்டுக்குச் சாமான் ஏற்றுவது லேசான காரியம் அல்ல. வண்டியை விடிகாலையிலேயே வரச் சொல்லுங்கள். ஆனால் மே மாதத்தில் ஒரு லாபம் உண்டு. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால், நீர் எத்தனை நிமிடத்தில் மெலிகிறது என்று தெரியும். அப்போது தாங்கினால் மற்ற மாதங்களில் கவலை இல்லை. மழைக்கால நிலவரத்துக்குப் பக்கத்து வீட்டாரிடம், 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று விசாரியுங்கள். இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்யலாம்.