பேஸ்மென்டில் "கோட்படி" காபன் மொனொக்சைட் அலாரம் பூட்டித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

கனடாவில், டொரொன்டோப் பகுதியில், ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் பேஸ்மென்டை வாடகைக்கு விடத் திருத்திக்கொண்டிருப்பவர்கள், "கோட்படி", அதாவது கட்டட விதிப்படி என்று சொல்லிப் பூட்டிய காபன் மொனொக்சைட் நச்சுவாயு அலாரத்தை ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்கள் பேஸ்மென்ட் வேலையைச் செய்தவர் தமிழர்தான், தெரிந்த ஆட்கள் சொல்லி வந்தவர், தச்சு வேலையையும் பெயின்டையும் குறை சொல்ல முடியாது. பில்லில் "ஸ்மோக், காபன் மொனொக்சைட் அலாரம், கோட்படி, 3" என்று எழுதி ஒன்றுக்கு 90 டொலர் போட்டிருந்தார். முன்னால் சின்னத் திரை, அதில் எந்நேரமும் பச்சையாய் ஒரு 0. பட்டனை அழுத்திக் காட்டினார், காது கிழிகிற சத்தம் வந்தது, காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு பரிசோதனைக்கு வந்த தீயணைப்பு அதிகாரி அந்தத் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கழற்றி முதுகைப் பார்த்தார். கனடாவில் செல்லுபடியாகிற முத்திரை ஒன்றும் இல்லை, தயாரித்த திகதி இல்லை, எந்த ஆண்டு மாற்ற வேண்டும் என்றும் இல்லை, சிஇ என்ற இரண்டு எழுத்து மட்டும். அது ஐரோப்பாவுக்கானது, பெரும்பாலும் தயாரிக்கிறவர்கள் தாங்களாகவே போட்டுக்கொள்வது, இங்கே அதைச் சான்றாக எடுக்க மாட்டார்கள். மூன்றும் சரிவராது என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா, ஒன்றை வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் பூட்டியிருக்கிறது, படுக்கையறைக்கு வெளியே ஒன்றும் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிற ஆள் எப்படி எழும்புவார் என்றும் கேட்டார்.

வேலை செய்தவருக்குப் போன் அடித்துக் கேட்டால், "அண்ணை, அது சத்தம் போடுதுதானே, பிறகென்ன?" என்கிறார். பூட்டின சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அதற்கப்புறம் போனையே எடுப்பதில்லை. அதே சாமான், அதே பெட்டி, ஒன்லைனில் 17 டொலருக்குக் கிடக்கிறது.

சத்தம் போடுவது ஒரு சான்றே இல்லை. அந்தப் பட்டன் பற்றரியையும் ஒலிப்பானையும் சேர்க்கிட்டையும்தான் சோதிக்கும். வாயுவை உணர்கிற சென்சர் செத்துப்போயிருந்தாலும் அது கத்தும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், ஒன்லைனில் விற்ற இப்படியான திரை வைத்த மலிவு அலாரங்கள் சிலவற்றைச் சோதித்து, நியமம் சொல்கிற அளவு வாயு இருந்தும் அவை கத்தவில்லை, உடனே நிறுத்துங்கள் என்று 2022இல் எச்சரித்தது. "சில செக்கனில் கண்டுபிடிக்கும்" என்று பெட்டியில் போட்டிருந்தால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். முறையான அலாரம், காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு இந்த வாயு என்ற அளவில் ஒரு மணி முதல் நாலு மணி நேரத்துக்குள் கத்த வேண்டும், 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். எவ்வளவு நேரம் எவ்வளவு வாயு உடம்பில் ஏறும் என்று கணக்குப் பார்த்து வைத்த நேரம் இது.

காஸ் கசிந்தால் மணக்கும்தானே என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். வீட்டுக்கு வருகிற காஸுக்கு வேண்டுமென்றே மணம் சேர்த்திருக்கிறார்கள். அது சரியாக எரியாமல் உண்டாகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, குமட்டல், களைப்பு என்று வரும்போது குளிர்காலத்து ஃப்ளூ என்றுதான் நினைப்போம். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் உட்ஸ்டொக்கில் பொலிஸ் அதிகாரி லோரி ஹோக்கின்ஸ், அவருடைய கணவர், இரண்டு பிள்ளைகள் எல்லோரும் இறந்தது காஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டதால். அந்த வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அவர்கள் பெயரிலேயே மாகாணச் சட்டம் வந்து, 2014 ஒக்டோபரிலிருந்து ஃபர்னஸ் மாதிரி எரிபொருள் கருவியோ, நெருப்பிடமோ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அலாரம் கட்டாயம். 2026 ஜனவரி 1 முதல், படுக்கையறை இல்லாவிட்டாலும் இப்படியான வீடுகளின் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். பேஸ்மென்டில் ஒன்று பூட்டிவிட்டேன், மேலே எதற்கு என்று இனிக் கேட்க முடியாது.

வாங்கும்போது முன்பக்கத்தை விடுங்கள். பின்னால் காபன் மொனொக்சைட் அலாரத்துக்கான கனடிய நியமமான சிஎஸ்ஏ 6.19 என்ற எண்ணும், அதோடு சிஎஸ்ஏ முத்திரையோ, வட்டத்துக்கு இடப்பக்கம் சின்ன 'சி' போட்ட யூஎல் அல்லது ஈடிஎல் என்ற சோதனை நிறுவன முத்திரையோ இருக்க வேண்டும். அந்தச் சின்ன 'சி'தான் கனடாவுக்கானது. புகையும் சேர்த்துப் பிடிக்கிற இரட்டை அலாரம் என்றால் புகை அலாரத்துக்கான யூஎல்சி எஸ்531 என்ற எண்ணும் தேவை, இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் மற்ற வேலைக்கு அது சான்றில்லை. மாற்ற வேண்டிய ஆண்டையும் பாருங்கள், சென்சருக்கு ஆயுள் உண்டு, மாதிரியைப் பொறுத்து 5, 7, 10 வருடம் என்று வரும், பற்றரி மாற்றினால் அது நீளாது.

எங்கள் ஆள் இன்றைக்கும் வட்ஸ்அப் குழுக்களில் "கோட்படி பேஸ்மென்ட்" என்று விளம்பரம் போடுகிறார். அவர் மட்டும் இப்படிச் செய்வதாக நான் நினைக்கவில்லை. யாரிடம் வேலை கொடுத்தாலும் விலைச்சீட்டில் அலாரத்தின் கம்பனிப் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள், பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் மற்ற வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, அலாரத்தைப் பெரிய கடையில் நீங்களே வாங்கிப் பூட்டுங்கள். இரண்டு திருகாணிதான்.