மெதுவான கணக்கு மென்பொருளோடு எட்டு வருடம்

எங்கள் கடையில் பில் போட ஒரு மென்பொருள், கணக்கு எழுத இன்னொன்று. முதலாவது நானே எழுதியது. இரண்டாவது விலை கொடுத்து வாங்கியது. அதன் பெயர் இங்கே வேண்டாம். இரண்டையும் இணைத்து ஓட்டத் தொடங்கி எட்டு வருடம் தாண்டிவிட்டது. நடுவில் இரண்டு தடவை எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டு முதலிலிருந்து கட்டினேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு என் தலைவலியில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

மதுரையில் வாகன உதிரிபாகங்கள் மொத்த வியாபாரம். ஏறக்குறைய பதினெட்டாயிரம் பாகங்கள். “எல்லாத்தையும் கணக்கு மென்பொருள்லயே போட்டுடலாமே, எதுக்கு ரெண்டு?” என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். ஒரு மெக்கானிக் வந்து “6203 பேரிங் இருக்கா?” என்பார். இன்னொருவர் அதே பேரிங்கை வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பார். மூன்றாமவர் பழையதைக் கையில் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். உள்துளை 17 மில்லிமீட்டர், வெளிவட்டம் 40, அகலம் 12 என்று அளந்து பார்த்தால் அதுவும் 6203தான். எந்த வண்டிக்கு எது பொருந்தும், கம்பெனி பழைய எண்ணை நிறுத்திவிட்டுப் புது எண் கொடுத்தால் எதற்கு எது பதில், எந்த ரேக்கில் எந்தத் தட்டு என்பதெல்லாம் கவுண்டரில் நிற்பவருக்கு இரண்டு நொடியில் தெரிய வேண்டும். கணக்கு மென்பொருளுக்கு இது எதுவும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் கல்லூரி முடித்த கையோடு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒன்று கட்டினேன். கவுண்டர்கள் நாலானதும் அதை மை எஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கு மாற்றினேன்.

2017 ஜூலை 1 வரை இரண்டும் தனித்தனியாகத்தான் ஓடின. அன்றன்றைய விற்பனையை மொத்தமாக ஒரே தொகையாக எழுதினால் போதும் என்றுதான் இருந்தது. ஜிஎஸ்டி வந்ததும் ஒவ்வொரு பில்லும் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணோடு கணக்கில் ஏற வேண்டும் என்றாகிவிட்டது. அக்கவுண்டன்ட் சார் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து முந்நூறு பில்லைத் திரும்ப டைப் அடிப்பதை ஐந்து மாதம் பார்த்தேன். அந்த டிசம்பரில் இணைப்பு வேலையைத் தொடங்கினேன்.

முதல் முயற்சி எல்லோரும் செய்வதுதான். பில்லைச் சேமிக்கும்போதே அதை எக்ஸ்எம்எல் (மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் ஓர் எழுத்து வடிவம்) ஆக்கிக் கணக்கு மென்பொருளுக்கு அனுப்பு, அது ‘ஏற்றேன்’ என்றதும் பில்லை அச்சிடு. சோதனையில் ஒரு நொடிகூட ஆகவில்லை. பெருமையாக இருந்தது. மூன்று மாதத்தில் அது மூன்று நொடியானது, பிறகு ஏழு நொடி. அந்த மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. நாலு கவுண்டரில் ஒரே சமயத்தில் பில் போட்டால் நாலாமவர் அரை நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

2018 ஆயுத பூஜை வாரத்தில் பெரிய அடி விழுந்தது. அந்த வாரம் ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லாம் மொத்தமாகச் சரக்கு எடுக்க வருவார்கள். என் புரோகிராம் முப்பது நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் ‘தோல்வி’ என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பும். மறுமுனையில் நடந்தது வேறு. முதல் தடவையே பதிவு ஏறியிருந்தது, பதில்தான் தாமதம். மறுபடி அனுப்பியது இரண்டாம் பதிவாக ஏறியது. இப்படி 23 பில்கள். எங்களுக்குத் தெரியவே இல்லை. அடுத்த மாதம் பாக்கி ஸ்டேட்மென்ட் போனதும் அப்பா காலத்து வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். “என்னப்பா, ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பற்று எழுதியிருக்கீங்க?” கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விற்பனை விவரத்தை அரசுக்குத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1க்குக் கெடு 11ஆம் தேதி. 9ஆம் தேதி இரவு முழுக்க நானும் அக்கவுண்டன்ட் சாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினோம்.

அதன் பிறகு எடுத்த முடிவு இன்றுவரை மாறவில்லை: கவுண்டர் கணக்குக்காகக் காத்திருக்காது. பில் போட்டதும் எங்கள் தரவுத்தளத்திலேயே ‘அனுப்ப வேண்டியவை’ என்ற அட்டவணையில் ஒரு வரி சேரும். பில்லும் அந்த வரியும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதப்படும், அதனால் ஒன்று இருந்து ஒன்று இல்லாமல் போகாது. கடை சாத்திய பிறகு, இரவு ஒன்பதரைக்கு, தனி புரோகிராம் ஒன்று அந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். ஒவ்வொரு பில்லுக்கும் நாங்கள் கொடுத்த எண் அந்தப் பதிவின் குறிப்பு எண்ணாகவும் போகும். பதில் வரவில்லையா, உடனே மறுபடி அனுப்பாது. “இந்தக் குறிப்பு எண்ணில் உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?” என்று முதலில் கேட்கும், இல்லையென்றால் மட்டுமே அனுப்பும். இரட்டைப் பதிவு அதோடு ஒழிந்தது.

வேகம் மட்டும் அப்படியே இருந்தது. என் கோடில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் அதையே நோண்டினேன். காரணம் வேறு இடத்தில் இருந்தது. கணக்கின் டேட்டா ஃபோல்டர் இன்னொரு கணினியில், நெட்வொர்க் பகிர்வில் கிடந்தது. போதாததற்கு அந்த ஃபோல்டரில் எதை எழுதினாலும் ஆன்டிவைரஸ் ஒரு முறை மோப்பம் பிடித்துவிட்டுத்தான் விட்டது. டேட்டாவைக் கணக்கு மென்பொருள் ஓடும் கணினியிலேயே வேகமான எஸ்எஸ்டி ஒன்றில் வைத்து, ஆன்டிவைரஸிடம் அந்த ஃபோல்டரை மட்டும் விட்டுவிடச் சொன்னதும் ஏழு நொடி மூன்றானது. ஒரு வரி கோடு எழுதாமல் கிடைத்த பலன்!

மிச்சமிருந்த மூன்று நொடிக்குக் காரணம் நாங்கள் அனுப்பிய சரக்கு விவரம். ஒரு பில்லில் முப்பது பொருள் இருந்தால் முப்பது வரி போகும், ஒவ்வொரு வரிக்கும் அது இருப்பைக் கழித்து மதிப்பைத் திரும்பக் கணக்கிடும். அந்த இருப்பை யாராவது பார்க்கிறார்களா என்றால், ஒருவரும் இல்லை. இருப்பு எங்கள் தரவுத்தளத்தில் இருக்கிறது. எச்எஸ்என் (பொருள் வகைக் குறியீடு) வாரியான தொகுப்போடு ஜிஎஸ்டிஆர்-1ஐயும் அங்கிருந்தே எடுக்க முடியும். கணக்குக்குத் தேவை பார்ட்டி, விற்பனை, மத்திய வரி, மாநில வரி, ரவுண்ட் ஆஃப் என்று ஐந்து விவரம்தான். “ஸ்டாக் இல்லாம எப்படித் தம்பி பேலன்ஸ் ஷீட் வரும்?” என்று அக்கவுண்டன்ட் சார் ஒத்துக்கொள்ளவே இல்லை. மாதக் கடைசியில் இருப்பு மதிப்பை ஒரே தொகையாகத் தருகிறேன், பட்டியலை வருடத்துக்கு ஒரு முறை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிடுகிறேன் என்றேன். ஆடிட்டரும் சரி என்றார். ஒரு பில்லுக்கு ஏறக்குறைய ஒரு நொடிதான். நானூறு பில் ஏழு நிமிடம். அந்த மென்பொருள் மெதுவானது என்று இவ்வளவு நாள் திட்டியதில் பாதி அதன் தப்பு, மீதி அதற்குத் தேவையில்லாததை ஊட்டிய என் தப்பு.

சின்னச் சின்ன முட்டுக்கட்டைகளைச் சொன்னால் சிரிப்பார்கள். பார்ட்டி பெயரில் & குறி. நம் ஊரில் பாதிக் கடை ‘அண்ட் சன்ஸ்’, மீதிப் பாதி ‘அண்ட் கோ’. எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறியை அப்படியே வைத்தால் முழுப் பொட்டலமும் திரும்பி வரும். பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி இருந்தால் அதே பார்ட்டிக்கு இரண்டாவது லெட்ஜர் முளைக்கும். அக்கவுண்டன்ட் சார் ஒரு நாள் பெயர்களை எல்லாம் அழகாகத் திருத்தி வைத்தார், அன்றிரவு நாற்பது பில் ஏறவில்லை. பெயரை வைத்துப் பொருத்தியது என் மடத்தனம். அந்த மென்பொருள் ஒவ்வொரு லெட்ஜருக்கும் உள்ளே மாறாத ஓர் அடையாள எண் வைத்திருக்கிறது. அதை எடுத்து எங்கள் பார்ட்டி அட்டவணையில் வைத்துக்கொண்ட பிறகு யார் எந்தப் பெயரை மாற்றினாலும் கவலையில்லை.

ஒரு பைசா விவகாரமும் உண்டு. 1,234.50 ரூபாய்க்கு 18 சதவீதம் 222.21. அதையே ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் 111.105, ரவுண்ட் செய்தால் 111.11, இரண்டும் சேர்ந்து 222.22. பற்றும் வரவும் ஒரு பைசா ஒத்துப்போகாது, பதிவு நிராகரிக்கப்படும். மத்திய வரியை முதலில் கணக்கிட்டு அதே எண்ணை மாநில வரிக்கும் வைப்பது, மொத்தத்தை அதிலிருந்து கூட்டுவது என்று இருபக்கமும் ஒரே முறைக்கு வந்தோம்.

எதிர்த் திசைதான் எதிர்பார்த்ததைவிடக் கஷ்டம். காசோலை, யுபிஐ வரவுகளை அக்கவுண்டன்ட் சார் கணக்கு மென்பொருளில் பதிவார். கடன் கொடுக்கலாமா என்று கவுண்டரில் முடிவெடுக்க அந்தப் பாக்கி எங்களுக்கு வேண்டும். முதலில் மணிக்கு ஒரு முறை ஆயிரத்து நூறு பார்ட்டிகளின் பாக்கியையும் மொத்தமாகக் கேட்டேன். ஒன்பது நிமிடம் ஓடும், அந்த ஒன்பது நிமிடமும் அவர் திரை உறைந்து நிற்கும். மூன்றாம் நாள் இணைப்பு வேலை செய்யவில்லையே என்று போய்ப் பார்த்தால், மனிதர் லேன் கம்பியைப் பிடுங்கி மேஜை மேல் சுருட்டி வைத்திருந்தார். நியாயம்தான். அந்த மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறுவரிசையில் ஒரு திருத்த எண் போடுகிறது. இப்போது கடைசியாக வாங்கிய திருத்த எண்ணுக்குப் பிறகு மாறியவை மட்டும் வருகின்றன, பெரும்பாலும் பத்துப் பதினைந்து. கவுண்டர் திரையில் பாக்கிக்குப் பக்கத்தில் அது எத்தனை மணி நிலவரம் என்பதும் தெரியும்.

இன்னொன்று, திரையில் ‘ஆம், இல்லை’ கேட்கும் பெட்டி ஒன்று திறந்தபடி இருந்தால் அந்த மென்பொருள் வெளியிலிருந்து வரும் எதையும் கவனிக்காது. அவர் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் இரவு முழுக்க ஒரு பில்லும் நகராது. இரவு வேலைக்கென்று இரண்டாவது உரிமம் வாங்கித் தனிக் கணினியில் வைத்தேன். செலவுதான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

யார் எதைத் தொடலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். விற்பனைப் பதிவை அவர் திருத்த மாட்டார், வரவு செலவில் நான் கை வைக்க மாட்டேன். ஆனாலும் தினமும் இரண்டு பக்கத்திலும் அன்றைய பில்களின் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் புரோகிராம் ஒப்பிடும். காலையில் டெலிகிராமில் எனக்கு மூன்று எண் வரும்: ஏறியது, நின்றது, நின்றதைத் தவிர்த்த வித்தியாசம்.

2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்குவது, கட்டாயமானது. கணக்கு மென்பொருளிலேயே அந்த வசதி இருந்தது. ஆனால் சரக்கு கிளம்பும் முன்பே அந்தப் பதிவு எண் (ஐஆர்என்) கையில் இருக்க வேண்டும், இரவு வரை காத்திருக்க முடியாது. அதனால் அதை எங்கள் பக்கமே வைத்துக்கொண்டேன். கணக்குக்குப் போகும்போது அந்த 64 எழுத்து ஐஆர்என்னும் குறிப்பாகப் போய்விடும்.

2025 செப்டம்பர் 22 பெரிய சோதனை. 28 சதவீத வரியில் இருந்த உதிரிபாகங்கள் ஒரே இரவில் 18க்கு இறங்கின. வரி விகிதத்தை ‘எந்தத் தேதி முதல்’ என்ற நிரலோடு தனி அட்டவணையில் வைத்திருந்ததால் மாற்றுவது சுலபமாக இருந்தது. திரும்பி வந்த சரக்கில்தான் சிக்கினேன். ஆகஸ்டில் விற்ற கிளட்ச் பிளேட் அக்டோபரில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் பழைய 28தான் போட வேண்டும். என் புரோகிராம் அன்றைய தேதியைப் பார்த்து 18 போட்டது. மூல பில்லின் தேதியைப் பார்க்கும்படி மாற்றுவதற்குள் ஆறு கிரெடிட் நோட் போய்விட்டது.

மேகக் கணக்கு சேவைக்கு மாறலாமே என்பார்கள். ஒன்றை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன். அதில் நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கைதான் என்று ஒரு வரம்பு, இதில் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான். ஏதோ ஒரு வாசலில் காத்திருக்கத்தான் வேண்டும். வரிசை வைத்து அனுப்பப் பழகிவிட்ட பிறகு எனக்கு மாறக் காரணம் தெரியவில்லை. நாளுக்கு முப்பது பில் போடுகிற கடைக்கு இந்தக் கூத்தே வேண்டாம், ஒரு ஆள் கையால் அடித்தாலே அரை மணி நேர வேலை.

இன்று காலை வந்த மூன்று எண்: 412, 1, 0. நின்ற அந்த ஒன்று ஒரு ஒர்க்‌ஷாப்பின் பில். போன வாரம் அவர்கள் ஜிஎஸ்டி எண்ணை மாற்றியிருக்கிறார்கள், அக்கவுண்டன்ட் சாருக்குத் தெரியும், எனக்குச் சொல்லவில்லை. கடை திறந்ததும் கேட்க வேண்டும்.