‘உங்க நம்பருக்கு லொத்தர் விழுந்திருக்கு’: தோட்டத்து வீடுகளுக்கு வரும் மோசடி அழைப்பு

பெரும்பாலும் சம்பளம் போட்ட கிழமையில்தான் அழைப்பு வரும். பேசுபவர் மரியாதையாகப் பேசுவார். “அம்மா, உங்க போன் நம்பருக்கு 25 இலட்சம் விழுந்திருக்கு. லைனை வெட்டாதீங்க, பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாதீங்க, சொன்னா பரிசு கென்சலாகிடும்.” கொஞ்ச நேரத்தில் வட்ஸ்அப்பில் உங்கள் பெயர் எழுதிய காசோலைப் படமும் அரச இலச்சினை போட்ட கடிதமும் வரும். அதற்குப் பிறகுதான் காசுப் பேச்சு. முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து வரி, பிறகு வங்கிச் செலவு. சிலரிடம் கடையில் ரீலோட் கார்ட் வாங்கிச் சுரண்டி, நம்பரை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வார்கள். வாசித்து முடிப்பதற்குள் அந்தக் காசு அவர்கள் கையில். கட்டியதை விட மனமில்லாமல்தான் காதில் கிடக்கும் தோடும் அடகுக்குப் போகிறது.

இலங்கையில் லொத்தர் நடத்துபவை இரண்டு அரச சபைகள்தான். 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின்படி அமைந்த தேசிய லொத்தர் சபை ஒன்று. 1997ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்த அபிவிருத்தி லொத்தர் சபை மற்றொன்று. இரண்டிலும் பரிசு விழுவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சீட்டுக்கு. போன் நம்பருக்கோ அடையாள அட்டை இலக்கத்துக்கோ விழாது. எந்தச் சீட்டு, எத்தனையாவது சீட்டிழுப்பு, என்ன திகதி என்று கேளுங்கள். பதிலே வராது.

வரி என்ற சொல்லுக்குத்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வரி இருப்பது உண்மை. இங்கே 5 இலட்சத்துக்கு மேற்பட்ட லொத்தர் பரிசுக்கு 14 சதவீதம். ஆனால் பரிசைக் கொடுப்பவரே அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். இந்தியாவில் 30 சதவீதம், அதுவும் அப்படியே கழிகிறது. பிரித்தானிய தேசிய லொத்தர் பரிசுக்கு வரியே கிடையாது. வென்றவர் முதலில் காசு கட்டினால்தான் பரிசு என்ற முறை ஒழுங்கான எந்த லொத்தரிலும் இல்லை.

‘கேரளா லொத்தர்’, ‘துபாய் லொத்தர்’ என்றும் செய்தி வரும். பிள்ளைகள் மத்திய கிழக்கில் வேலை செய்யும் வீடுகளில் துபாய் என்றதும் நம்பிவிடுகிறார்கள். கேரள அரசின் லொத்தர் 1967இல் தொடங்கிய நிஜமான லொத்தர்தான். ஆனால் அசல் சீட்டைக் கொடுக்காமல் அங்கே பரிசு வாங்க முடியாது. பக்கத்துத் தமிழ்நாட்டிலோ 2003 முதல் லொத்தர் விற்பனைக்கே தடை. வாங்காத வெளிநாட்டுச் சீட்டு மலையகத்துப் பொகவந்தலாவையில் இருப்பவருக்கு விழ வழியே இல்லை. அமெரிக்காவின் பவர்போல் லொத்தரில் சீட்டு வாங்கியவருக்கே பெரிய பரிசு விழும் வாய்ப்பு 29 கோடியே 22 இலட்சத்தில் ஒன்று.

வட்ஸ்அப் குழுக்களில் சீட்டின் படத்தை அனுப்பி, “அசல் என்கிட்ட பத்திரமா இருக்கு” என்று விற்பதும் நடக்கிறது. ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம். விழுந்தால் சீட்டு கையில் உள்ளவர்தான் காசை வாங்குவார். சபை அனுமதித்த விற்பனையாளரிடம் வாங்கி, பின்பக்கம் உடனே பெயரும் கையொப்பமும் போடுங்கள். முடிவைப் பத்திரிகையிலோ சபையின் இணையத்தளத்திலோ நீங்களே பாருங்கள். “பார்த்துச் சொல்லுங்க” என்று சீட்டைக் கைமாற்றினால், ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துக்கொள்ளும் ஆட்களும் உண்டு.

காசு போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம், அது உங்கள் பிழையில்லை. அந்த நிமிடமே வங்கிக்கு அழைத்து, போன கணக்கின் இலக்கத்தைச் சொல்லி மறிக்கக் கேளுங்கள். ஓடிபியை, அதாவது வங்கியிலிருந்து போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை, சொல்லியிருந்தால் உங்கள் கணக்கையும் அட்டையையும் சேர்த்து முடக்கச் சொல்லுங்கள். செய்திகளை அழிக்காமல், வைப்புச் சிட்டையோடு பொலிஸில் முறைப்பாடு கொடுத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். போன காசை மீட்டுத் தருகிறேன் என்று சில நாளில் வக்கீலாகவோ அதிகாரியாகவோ இன்னொருவர் பேசக்கூடும். அவரும் முற்பணம் கேட்டால் அதே கூட்டம்தான், உடனே வெட்டிவிடுங்கள்.