ஒதுக்கீடா, ஊதியக் கணக்கா?

குன்னூர், கோத்தகிரி தேயிலை எஸ்டேட்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மேற்பார்வை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இதை மாற்ற எந்த நாட்டு வழி உதவும்?

நார்வே 2003-இல், பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் இரு பாலாருக்கும் தலா குறைந்தது சுமார் 40 சதவீத இடம் என்று சட்டமே போட்டது. நல்லதுதான். ஆனால் இயக்குநர் குழு தேயிலைக் காட்டிலா கூடுகிறது? அங்கே ஆள் மாறினாலும் இங்கே மேற்பார்க்கும் மேஸ்திரி மாறமாட்டார்.

பிரிட்டனில் 2017 முதல், 250 பேராவது வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண்-பெண் ஊதிய இடைவெளியை வெளியிட வேண்டும். சம்பள வரிசையை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெண்கள் எவ்வளவு என்றும் காட்ட வேண்டும். தினக்கூலி சமமாகவே இருந்தாலும், மேல்படியில் பெண் இல்லாதது இதில் தெரிந்துவிடும். என் ஓட்டு இதற்கே. அந்த 250-ஐ மட்டும் குறைக்கணும். இல்லாவிட்டால் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலைகள் பலவும் தப்பிவிடும்.