பரு அடங்கியது, பச்சைக் கைலி வெளுத்தது: பென்சாயில் பெராக்சைடு ஜெல், மூன்று வருஷத்துக்குப் பிறகு

பள்ளிக்கூடம் போகிற மகளுக்கு மாஸ்க் படுகிற இடமெல்லாம் பரு, 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை வாங்கிக் கொடுக்கலாமா என்று ரங்கூனில் தெரிந்த அக்கா ஒருவர் கேட்டார். பரு அடங்குமா என்றால், அடங்கும். ஆனால் வீட்டில் இருக்கிற சாயத்துணி ஒவ்வொன்றையும் இந்த ட்யூப்பிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கும். மருந்துக்கடையில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை. என் கோபமே அதில்தான்.

கருநீலப் பருத்தி மாஸ்க்கை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். முதல் வாரம் மோவாய் படுகிற இடத்தில் செம்பு நிறத்தில் மிளகளவு ஒரு புள்ளி. இரண்டாம் மாதம் அது மோவாயின் வடிவத்திலேயே ஒரு திட்டு. இது கறை இல்லை, சாயம் போன இடம். எலுமிச்சையும் எடுக்காது, சோப்பும் எடுக்காது. தோல் துளைக்குள் இருக்கிற கிருமியை ஆக்சிஜன் விட்டுக் கொல்வதுதான் இந்த மருந்தின் வேலை; துணிச் சாயத்தைத் தின்பதும் அதே வேலைதான். ஜெல் காய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கக் கூடாது. தோலில் மிச்சம் இருப்பது வேர்வை பட்டதும் மறுபடி ஈரமாகித் துணிக்கு ஏறும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ரங்கூன் மழையில் எந்தத் துணிதான் முழுசாகக் காய்கிறது? பிள்ளைகள் மோவாயைத் தடவிய கையைக் கைலியில் துடைக்கிறார்கள். பள்ளிச் சீருடைப் பச்சைக் கைலியில் விரலகலத்துக்கு மஞ்சள் கோடு விழுந்தால் புதுக் கைலிதான் வாங்க வேண்டும்.

இதற்கு வழி உண்டு. ஜெல்லை இரவு முழுக்க விடாமல், பூசி ஐந்து நிமிஷம் வைத்துக் கழுவிவிடுவது. சாயங்காலம் மாஸ்க்கைக் கழற்றியதும் மென்மையான, வாசனையில்லாத ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஒற்றித் துடைக்கவும். மாஸ்க் மூடுகிற பகுதி முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதில் பயனில்லை. அடுத்த பரு கிளம்புவது கண்ணுக்குத் தெரியாத துளையிலிருந்து. வாயோரம், மூக்கு மடிப்பு, கண்ணடி மூன்றையும் தவிர்க்கவும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். கழுவும்போது தாடைக்கு அடியிலும் காதோரத்திலும் தண்ணீர் போக வேண்டும், கைவிரலையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துவாலை வெள்ளை, தலையணை உறை வெள்ளை, மாஸ்க்கின் உள்துணியும் வெள்ளை. இதன்படி பூசினால் 30 கிராம் ட்யூப் ஏறக்குறைய மூன்று மாதம் வரும்.

காலையில் பூசி மேலே மாஸ்க் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. மூடிய தோலில் மருந்து அதிகமாக ஊறும். எரியும், உரியும், உரிந்த இடத்தில் மாஸ்க் உரசிப் புண்ணாகும். அடுத்த தப்பு 10 சதவீதத்துக்குத் தாவுவது. 2.5, 5, 10 மூன்றுமே பருவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைக்கின்றன. கூடுவது எரிச்சல் மட்டும்.

நியாயமாகப் பேசினால், இந்த ஜெல்லுக்கு ஒரு பெரிய குணம் இருக்கிறது. ஆன்டிபயாடிக் களிம்புக்குப் பழகிப்போவது போலக் கிருமி இதற்குப் பழகுவதில்லை. மூன்றாம் வருஷமும் முதல் வருஷம் போலவே வேலை செய்கிறது. பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். பத்தாம் நாள் ட்யூப்பைத் தூக்கி எறிகிறவர்களுக்கு எந்த மருந்தும் உதவாது.

ஆனால் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மருந்து மட்டும் பூசினால் பரு திரும்ப வரும். உரசல், அழுத்தம், வேர்வை, சூடு சேர்ந்து உண்டாக்குகிற பருவுக்கு 1975இலேயே மருத்துவத்தில் தனிப்பெயர் வைத்தார்கள். ஹெல்மெட் வாரில் வருவதும் அதுதான், மாஸ்க்கில் வருவதும் அதுதான். ரங்கூனின் லைங்தாயா பகுதித் தையல் ஃபேக்டரிகளில் பஞ்சுத் தூசுக்காக நாள் முழுக்க மாஸ்க்கோடு உட்காருகிறவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆளில்லாத காற்றோட்டமான இடத்தில், பதினைந்து நிமிஷம் முகத்துக்குக் காற்று வேண்டும். நனைந்த மாஸ்க்கை அங்கேயே மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு துணி மாஸ்க் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசனைச் சோப்புத்தூளும் துணியை மெதுவாக்குகிற திரவமும் வேண்டாம், அந்த மிச்சமே தோலை அரிக்கும். சுடுதண்ணீரில் துவைத்து இரண்டு முறை அலசவும். மழைக்காலத்தில் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து இஸ்திரி போட்டு ஈரத்தை எடுத்துவிட வேண்டும். அரை ஈர மாஸ்க்கைப் பையில் திணிப்பது பருவுக்கு விதை போடுவது.

பர்மாவில் மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசுகிற தனக்கா பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும், மாஸ்க் தொடாத இடத்தில், தாராளமாகப் பூசலாம். மாஸ்க்குக்கு அடியில் வேண்டாம். காலையில் காய்ந்த பூச்சு எண்ணெயை இழுப்பது போலத்தான் இருக்கும். பதினோரு மணிக்கு மூச்சு ஈரத்தில் குழைந்து துணிக்கும் தோலுக்கும் நடுவே நறநறவென்று உரசும். தனக்கா அரைக்கிற கல்லின் ஓரப் பள்ளத்தில் நேற்றைய தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். பருமுகத்துக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. தேங்காய் எண்ணெயும் மாஸ்க் பகுதிக்கு ஆகாது, துளையை அடைக்கும். வறட்சிக்கு கிளிசரின் சேர்ந்த, எண்ணெயில்லாத மாய்ஸ்சரைசர் போதும். மாஸ்க் போடுவதற்கு அரைமணி முன்பு பூசினால் உரசலும் குறையும்.

எல்லாமே பரு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கரும்புள்ளி வெண்புள்ளி ஒன்றுமில்லாமல், ஒரே அளவில், அரிக்கிற சிறு பொரிகள் என்றால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு இந்த ஜெல்லைப் பூசிக் காத்திருப்பது வீண். உதட்டை ஒட்டி மெல்லிய கோடு விட்டு வாயைச் சுற்றிச் சிவப்புப் பொரி வந்தால் அது வேறு நோய். கடைக்காரர் கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த வெள்ளைக் களிம்பு அதை இரண்டு நாள் அமுக்கி, பிறகு பல மடங்காகக் கிளப்பும். அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று எழுதியிருந்தால் முகத்துக்கு வாங்கவே வாங்காதீர்கள். பூசியதும் முகம் வீங்கி அரித்தால் ஜெல்லை அன்றே நிறுத்த வேண்டும். ஆழமாக, வலியோடு கட்டி விழுந்தால் தோல் டாக்டர்தான்.

சூடு இன்னொரு பிரச்சினை. இந்த மருந்து வெப்பத்தில் சிதைந்து, புற்றுநோய்க்குக் காரணமாகிற பென்சீன் உண்டாகலாம் என்று 2024இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று எச்சரித்தது. 2025 மார்ச்சில் அந்நாட்டு மருந்துத் துறை 95 பொருள்களின் சோதனை முடிவை வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் பென்சீன் தென்படவில்லை, அல்லது மிகமிகக் குறைவு. சிலவற்றை மட்டும் கடைகளிலிருந்து எடுத்தார்கள். பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் ஏப்ரல் வெயிலில், கரண்ட் இல்லாத வீட்டில், ஜன்னலோரம் ட்யூப்பை வைக்கக் கூடாது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், நிழலில் வையுங்கள். தேதி முடிந்ததைத் தயங்காமல் எறியுங்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் அக்காவுக்கு என் பதில்: பெண்ணுக்கு இதை வாங்க வேண்டாம். முதலில் இரவில், பருவுக்கான இன்னொரு பூச்சு மருந்தான அடாபலீன் 0.1 சதவீதம், பட்டாணி அளவு, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள், பன்னிரண்டு வாரம். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பிணிகளுக்கு அடாபலீன் கூடாது. அவர்களுக்கு அஸெலாயிக் அமிலம் இருக்கிறது, நம் மாநிறத் தோலில் பரு விட்டுப்போகிற கருந்தழும்பையும் அது மெல்ல மாற்றும். சீழ்ப்பருவை அடக்குவதில் இந்த ஜெல்தான் வேகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை தினமும் ஐந்து நிமிஷம் கணக்குப் பார்த்து, காதோரம் வரை கழுவி, வெள்ளைத் துவாலையைத் தேடி எடுப்பாள் என்று நம்பி நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அடாபலீன் போதாமல் போனால் மட்டும் ஜெல்லைச் சேர்க்கலாம். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை முதல் பூச்சைப் போடட்டும், பச்சைக் கைலி பெட்டிக்குள் இருக்கிற நாளில்.